இலவு

அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது கிளிட்டஸ் தப்பாகத்தான் கேட்டான்.

வலி மருத்துவமனையின் வாசலில் ஆட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்த மெர்லின், சேலைத் தலைப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "இலவா இருந்துச்சுங்க" என்றாள். ஆட்டோ இரைச்சலில் அவன் காதில் அது இழவு என்று விழுந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வைத்து இதென்ன பேச்சு என்று கடிந்துகொண்டான். மெர்லின் சிரித்தாள். முடக்குவாதம் வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அவன் பார்த்ததில்லை. இழவு இல்லை, இலவு, இலவம்பஞ்சில் வருகிற இலவு என்று திருத்தினாள். உடம்பு எடையே இல்லாமல் ஆகிவிடுகிறதே, அந்த நிலைக்கு உள்ளே எல்லோரும் அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றாள்.

வீடு வந்து சேரும்வரை அவன் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு வந்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பைத் தான் வரவழைக்கவில்லை என்பதும் கூடவே தோன்றியது.

கிளிட்டஸ் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கப்பலிலிருந்து கண்டெய்னர்களைத் தூக்கி லாரியில் பிசகாமல் இறக்குவதில் பேர் வாங்கியவன். மெர்லினின் மூட்டுகள் ஒவ்வொன்றாக வீங்க ஆரம்பித்த காலத்தில், வீட்டிலும் அவன் அதே வேலையைத்தான் பார்க்கிறான் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். காலையில் அவளுக்கு விரல் மடங்காது. சேலைக்குக் கொசுவம் வைக்க, தலை பின்ன, ஜாக்கெட் கொக்கி மாட்ட, எல்லாம் அவன் பழகிக்கொண்டான். கட்டிலிலிருந்து எழுப்புவதற்கு இரண்டு அக்குளிலும் கைகொடுத்து ஒரே மூச்சில் தூக்கி நிறுத்துவான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவன் தோளில் சாய்வாள். அந்த நேரம் அவனுக்குப் பிடிக்கும். யாரிடமும் சொல்லிக்கொள்ளக்கூடியதல்ல என்றாலும், நாள் முழுவதிலும் அவனுக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது பெண்கள் அவனைக் காட்டித் தங்கள் புருஷன்மாரிடம் ஏதாவது சொல்வார்கள். அவன் காதில் வாங்காததுபோல நடப்பான். ஆனால் வாங்குவான்.

மகள் ஷாலினி பெங்களூரில் வேலையாக இருந்தாள். வலி மருத்துவமனையில் உள்ள ஒரு கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னது அவள்தான். விண்வெளிக்குப் போகிறவர்களைத் தரையிலேயே பழக்குவதற்காகச் செய்த கருவி அது. காது மடலில் மாட்டிக்கொள்ளும் சின்ன வளையம். அதற்கு ஏதோ நீளமான பெயர் இருந்தது. ஊரில் எல்லோரும் தோடு என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவமனையில் பொறுப்பில் இருந்த டாக்டர் நஸ்ரின் முதல் நாளே கிளிட்டஸை உட்காரவைத்து விளக்கியிருந்தாள்.

"நம்ம உடம்பு கனமா இருக்குன்னு மூளைக்குச் சொல்றது காதுக்குள்ள இருக்கிற ஒரு சின்ன உறுப்பு. தோடு அதுகிட்ட ஒரு பொய் சொல்லும், உடம்புக்கு எடையே இல்லைன்னு. எடை இல்லாத உடம்பைத் தாங்கறதுக்கு மூட்டு எதுக்கு? அதனால மூட்டுல இருந்து வர்ற புகாரை மூளை கேக்கிறதை நிறுத்திடும். அரைமணி நேரம்தான். ஆனா அந்த அரைமணி நேரம் வலி இருக்காது, அதுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் தாங்கும்."

பொய் சொல்லிக் குணப்படுத்துவதா என்று அவன் கேட்டான். குணமாகாது, வலி மட்டும்தான் மறக்கும், அதனால் மாத்திரையைக் குறைக்கலாம் என்று நஸ்ரின் பதில் சொன்னாள்.

இலவு என்ற சொல் அங்கே வந்த கதையை மெர்லின் பிற்பாடு சொன்னாள். மருத்துவமனைக்காரர்கள் எடையின்மை நிலை என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். யார் வாயிலும் அது நுழையவில்லை. மிதப்பு என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். மிதப்பில் இருக்கிறான் என்றால் குடித்திருக்கிறான் என்றோ திமிர் பிடித்திருக்கிறான் என்றோதான் ஊரில் அர்த்தம். அந்தரம் என்றால் யாரோ நடுவில் கைவிட்டுப் போன மாதிரி இருந்தது. கோவில்பட்டியில் மெத்தைக் கடை வைத்திருக்கும் சீனியம்மாள் என்ற பெண்மணிதான், எழுந்ததும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, காய் வெடித்ததும் இலவம்பஞ்சு காற்றில் கிளம்புமே, அப்படி இருக்கிறது என்றாளாம். அதற்குப் பிறகு எல்லோருக்கும் அது இலவு ஆகிவிட்டது. சிகிச்சை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் நர்ஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்: "இலவா?" ஆமாம் என்றால் அன்றைய சிகிச்சை பலித்தது என்று கணக்கு.

ஒரு மழைக்காலம் போவதற்குள் சொல் மருத்துவமனைச் சுவரைத் தாண்டிவிட்டது. பரீட்சை முடிந்து வருகிற பிள்ளைகள் இலவு என்று கத்திக்கொண்டு சைக்கிளை மிதித்தார்கள். மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்ட சக ஊழியன் ஒருவன், இப்போதுதான் நெஞ்சு இலவாக இருக்கிறது என்று துறைமுகக் கேண்டீனில் சொன்னான். அவன் தோட்டைக் கண்ணால் பார்த்தவன்கூட இல்லை. ஷாலினி தொலைபேசியில், அம்மா குரலே இலவாகிவிட்டது என்றாள். கிளிட்டஸுக்கு மட்டும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. அது தன் மனைவிக்குத் தெரிந்த, தனக்குத் தெரியாத ஓர் ஊரின் பெயர் மாதிரி இருந்தது.

அவளிடம் கேட்டுப் பார்த்தான். இலவு என்றால் எப்படி இருக்கும், தண்ணீரில் மல்லாந்து கிடப்பது போலவா, ராட்டினம் கீழே இறங்கும்போது வயிறு கூசுமே அது போலவா என்று கேட்டான். ஒரு நாள் ஆமாம் என்றாள், இன்னொரு நாள் இல்லை என்றாள். கடைசியில், அதெல்லாம் சொன்னால் வராதுங்க என்று பேச்சை முடித்துவிட்டாள்.

அது மட்டுமல்ல, தொடக்கூடாது என்று ஒரு விதியும் சேர்ந்துகொண்டது. தோடு போட்டுக் கழற்றிய பிறகு யாராவது தொட்டால் இலவு கலைந்துவிடும் என்று அங்கே வருகிறவர்களுக்குள் ஒரு பேச்சு. டாக்டர் சொன்னதல்ல, அவர்களாகவே வைத்துக்கொண்டது. மெர்லின் அதைக் கறாராகப் பிடித்துக்கொண்டாள். சிகிச்சை நாட்களில் பொழுது சாய்கிறவரை கிளிட்டஸ் அவள் அருகில் போகக்கூடாது. அவளே கட்டிலைப் பிடித்து எழுந்தாள். அவளே அடுப்படிக்குப் போனாள். அவன் வாசல் நிலையில் சாய்ந்து, என்ன செய்வதென்று தெரியாத கைகளோடு பார்த்துக்கொண்டு நிற்பான். பொண்டாட்டி தேறிவருகிறாள் என்று பூசைக்கு வருகிறவர்கள் சந்தோஷப்பட்டார்கள். இப்போது அவனைக் காட்டி யாரும் எதுவும் சொல்வதில்லை.

ஒரு நாள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, மெர்லினுக்குத் தெரியாமல் அவன் டாக்டர் நஸ்ரினிடம் போனான். ஒரே ஒரு தரம் எனக்கும் மாட்டிப் பாருங்கள் என்று கேட்டான். நஸ்ரின் முதலில் மறுத்தாள், பிறகு இரக்கப்பட்டு மாட்டிவிட்டாள். பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். முதுகுக்குக் கீழே தரை தரையாகவே இருந்தது. சின்ன வயதில் காதில் சீழ் வடிந்ததுண்டா என்று நஸ்ரின் கேட்டாள். இரண்டு காதிலும் வருடக்கணக்காக வடிந்திருக்கிறது என்றான்.

"அப்போ உள்ளே அந்த உறுப்பு செத்திருக்கும். உங்களுக்கு இது ஏறாது. காது நல்லா இருந்தும் ஏறாதவங்க சில பேர் உண்டு, ஏன்னு எங்களுக்கே தெரியலை. அவங்க ஒண்ணு ரெண்டு தடவை வந்து பார்த்துட்டு நின்னுடுவாங்க."

"ஏறுதா இல்லையான்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பிய?"

"அளக்கிறதுக்கு மெஷின் எதுவும் இல்லைங்க. வலி மாதிரிதான் இதுவும். அவங்க சொல்றதை நாம நம்பறோம்."

அவன் வீட்டுக்கு வந்து, கப்பல் வரவில்லை, அதனால் சீக்கிரம் விட்டுவிட்டார்கள் என்று மெர்லினிடம் பொய் சொன்னான். தனக்கு ஏறாது என்பதைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஏதோ ஒரு வாசலில் அவளை மட்டும் உள்ளே விட்டுத் தன்னை வெளியே நிறுத்திவிட்ட மாதிரி.

அந்த வாசலுக்கு உள்ளே அவளோடு இன்னொருவன் இருந்தான். ஆவுடையப்பன். சாயர்புரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாலிபால் பயிற்சி கொடுத்தவன். பைக் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, ஒரு காலில் ஓயாத நரம்பு வலி. ஊன்றுகோலோடு நடப்பான். நல்ல உயரம், அடிபட்ட பிறகும் தளராத தோள். மெர்லின் பேச்சில் முதலில் ஆவுடையப்பன் சார் என்று வந்தான், அப்புறம் சார் என்று வந்தான், அதற்கும் அப்புறம் பெயரில்லாமலே வந்தான். அவர் சொல்வார், அவர் அப்படித்தான் என்பாள். யார் என்று கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

தொலைபேசியில் அவர்கள் பேசுவது கிளிட்டஸுக்குக் கேட்கும். மறைத்துப் பேசுவதில்லை, சத்தமாகத்தான் பேசுவாள். இன்றைக்கு எப்படி என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பான் போலிருக்கிறது. "அதே இலவுதான்" என்று இவள் சொல்வாள். உடனே இரண்டு பக்கமும் சிரிப்பு. சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று அவன் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்தான். வசவாக இருந்தால் அர்த்தம் கண்டுபிடித்துவிடலாம். இது வசவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தோடு போடுகிறவர்கள் கடற்கரையில் கூடினார்கள். மெர்லினை அவன்தான் கூட்டிக்கொண்டு போவான். சற்றுத் தள்ளி, சுண்டல் பொட்டலத்தோடு தனியாக உட்கார்ந்திருப்பான். ஒரு தடவை சீனியம்மாள் அவனை அழைத்து வட்டத்துக்குள் உட்காரவைத்தாள். எல்லோரும் அவரவர் கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். தானும் ஏதாவது சொல்ல வேண்டும்போல் தோன்ற, கிளிட்டஸ் கடலைப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்குக் காத்து நல்லா இலவா இருக்கு" என்றான்.

பேச்சு நின்றுவிட்டது. சீனியம்மாள் பக்குவமாக, காற்று இலவாக இருக்காது தம்பி, மனுஷர்தான் இருப்பார்கள் என்று எடுத்துச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது. மெர்லினைப் பார்த்தான். அவள் ஆவுடையப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பனும் அவளைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கிளம்பும்போது மணலில் மெர்லினுக்குக் கால் புதைந்தது. கிளிட்டஸ் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தபோது ஆவுடையப்பன் அவள் கையைப் பிடித்திருந்தான். அன்று மத்தியானம்தான் அவள் தோடு போட்டிருந்தாள். இருட்டுகிறவரை தொடக்கூடாத கை அது. மெர்லின் ஏதோ சொன்னாள், காற்றில் இவனுக்குக் கேட்கவில்லை. ஆவுடையப்பன் சட்டென்று கையை விட்டுவிட்டான். தான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் சொல்லியிருக்கிறாள் என்று கிளிட்டஸ் முடிவு கட்டினான்.

வீட்டில் அன்று அவன் சாப்பிடவில்லை. பிறகு வந்த நாட்களில் வேலையிலும் மனம் நிற்கவில்லை. ஒரு கண்டெய்னரை லாரியின் ஓரத்தில் இடித்து மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கினான். அவளை அவன் சந்தேகப்பட்டான் என்றும் சொல்ல முடியாது. ஆவுடையப்பனோடு அவள் போய்விடுவாள் என்று அவன் நினைக்கவில்லை. ஏற்கெனவே அவனோடு எங்கோ போய்வந்துகொண்டிருக்கிறாள், அந்த இடத்துக்குத் தன்னால் பஸ் ஏறிக்கூடப் பின்னால் போக முடியாது, இதுதான் அவனை அரித்தது. எதிரில் நின்று சண்டை போடுகிற விஷயமாக இருந்தால் போட்டிருப்பான்.

இதற்குள் நன்றாகப் பலன் தெரிகிறவர்களுக்கு மருத்துவமனை தோட்டை வீட்டுக்கே கொடுத்துவிட ஆரம்பித்திருந்தது. மெர்லினுக்கும் கிடைத்தது. வலி குறைந்திருப்பதால் மாத்திரையும் பாதியாகியிருந்தது. தோட்டை அவள் மேரி மாதா படத்துக்குக் கீழே ஒரு டப்பாவில் வைத்திருந்தாள். அதில் விளக்கும் கிடையாது, ஓசையும் கிடையாது. ஏறினால் போட்டவருக்கே தெரியும் என்பதால் வேறு அடையாளம் எதுவும் வைக்கவில்லை. உள்ளே காது மெஷினில் போடுவது போன்ற ஒரு பொட்டு பாட்டரி.

ஒரு விடுமுறை நாள் காலையில், மெர்லின் குளிக்கப் போன சமயம், கிளிட்டஸ் நகத்தால் நெம்பி அந்தப் பாட்டரியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டை மூடி வைத்தான். செய்யும்போதே அவனுக்குத் தெரியும், இது ஈனமான காரியம். நோயாளியின் மருந்தைத் திருடுவது. ஆனாலும் அவனுக்கு அது வேண்டியிருந்தது. இன்றைக்கு அவள் படுத்துப் பார்ப்பாள், ஏறாது. கழற்றிவிட்டு, முகம் வாடி, ஏங்க, கொஞ்சம் தூக்கிவிடுங்க என்று கூப்பிடுவாள். ஒரே ஒரு நாள் கூப்பிட்டால் போதும், நாளைக்குத் திருப்பிப் போட்டுவிடலாம்.

மெர்லின் தோட்டை மாட்டிக்கொண்டு படுத்தாள். அவன் முன்னறையில் செய்தித்தாளை விரித்துவைத்து ஓரக்கண்ணால் பார்த்தான். இப்போது எழுவாள், இப்போது கூப்பிடுவாள் என்று இருந்தான். அவள் கண்ணை மூடி அசையாமல் கிடந்தாள். அரைமணி நேரம் ஆனதும் தோட்டைக் கழற்றி டப்பாவில் வைத்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்து மெல்ல மெல்ல எழுந்து முன்னறைக்கு வந்தாள். முகத்தில் அதே சிரிப்பு.

எப்படி இருந்தது என்று கேட்டான்.

"இலவா இருந்துச்சுங்க. இன்னிக்கு கொஞ்சம் கூடவே" என்றாள்.

அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். பாட்டரி இருந்தது. தோட்டுக்குள் மிச்ச மின்சாரம் ஏதாவது தங்கியிருக்குமோ என்று, மறுநாளும் போடாமல் விட்டுப் பார்த்தான். மறுநாளும் இலவாக இருந்தது என்றாள்.

உண்மையைச் சொன்னால், முதலில் அவனுக்கு வந்தது ஆனந்தம். அவளுக்கும் ஏறவில்லை! எந்த வாசலுக்குள்ளும் அவள் போகவில்லை, இத்தனை நாளும் தன்னோடு வெளியேதான் நின்றிருக்கிறாள். துறைமுகத்துக்குப் போகிற வழியெல்லாம் அந்தச் சந்தோஷம் நீடித்தது. கிரேன் மேலே ஏறி உட்கார்ந்த பிறகுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. ஏறவில்லை என்றால் வலி குறைந்திருக்காது. வலி குறையாதவளுக்கு மாத்திரையைப் பாதியாக்கியிருக்கிறார்கள். சமீபமாக அவள் மணிக்கட்டுவரை இறங்குகிற கை வைத்த ஜாக்கெட்டாகவே போடுகிறாள். இந்த வெக்கையில் எதற்கு என்று கேட்டதற்கு, பாணி என்றாள். வலியோடேதான் அடுப்படியில் நின்றிருக்கிறாள். யாருக்காக?

அன்று அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் கஞ்சி வடிப்பதற்காகச் சோற்றுப் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தூக்க முடியவில்லை. கிளிட்டஸ் பானையை வாங்கி வடித்து வைத்தான். பிறகு பாட்டரியை எடுத்து அடுப்பு மேடையில், அவள் கண்ணில் படும்படி வைத்தான்.

மெர்லின் அதைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"எப்ப எடுத்திய?"

"நேத்துக் காலையில."

"அப்ப தெரிஞ்சிட்டு" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரு நாளும் வரலியா?"

"ஒரு நாளும் வரல."

பிறகு அவளாகவே சொன்னாள். முதல் நாள் மருத்துவமனைக் கூடத்தில் படுத்திருந்தபோது அக்கம்பக்கத்தில் ஒருத்தி அழுதாள், ஒருத்தி ஜெபம் சொன்னாள், ஒருவர் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். இவளுக்கு எதுவும் இல்லை. வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்து வந்திருக்கிறாள்.

"கதவத் தொறந்தா நீங்க நிக்கிய. ரிசல்ட் பாக்க வந்த பிள்ள மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு. அந்த நேரம் பாத்து நர்ஸ் பின்னால இருந்து மெதுவாக் கேட்டாவ, இலவான்னு. ஆமான்னுட்டேன்."

அது ஒரு நாள், அதற்குப் பிறகும் ஏன் என்று அவன் கேட்டான். அவள் வலது மணிக்கட்டை இடது கையால் மூடிக்கொண்டாள்.

"இலவா இருக்குன்னு சொன்னா நீங்க தொட மாட்டிய."

"நான் தொட்டா என்ன?"

"வலிக்கும்."

அவனுக்குப் புரியவில்லை. அவள் தலை நிமிராமல் சொன்னாள்:

"நீங்க தூக்கும்போதுதான் எல்லாத்துக்கும் மேல வலிக்கும். தோள்பட்ட கழண்டுபோற மாதிரி. கண்ண மூடிக்கிடுவேன்."

"இத்தன வருசமா தூக்குதேன். ஒரு வார்த்த சொல்லலியே."

"எப்படிச் சொல்ல? கோயில்ல அத்தன பேரும் உங்களப் பத்திப் பேசுதாவ. நீங்களும் ஆசையாத்தான் செஞ்சிய. வலிக்குதுன்னு சொன்னா, செய்யிறதுக்கு உங்களுக்கு வேற என்ன இருக்கு?"

அவன் மேடையில் சாய்ந்து நின்றான். காலையில் தன் தோளில் சாய்ந்து அவள் கண்ணை மூடுகிற நேரம், நாளிலேயே தனக்கு மிகவும் பிடித்த நேரம், அவளுக்கு என்னவாக இருந்திருக்கிறது என்று இப்போதுதான் கேட்கிறான். அவமானமாக இருந்தது. அந்த அவமானத்துக்கு அடியில் பழைய பொறாமை இன்னும் அணையாமல் கிடந்தது. அது அவன் வாயைத் திறந்தது.

"ஆவுடையப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவருக்கும் ஏறாது."

ஒரு நாள் கடற்கரையில் யாரோ புதிதாக வந்தவர் இலவு எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறார். மெர்லின் சொன்னதையே ஆவுடையப்பன் அச்சுப் பிசகாமல் சொன்னானாம். இரண்டு பேருமே சீனியம்மாளின் வார்த்தைகளைத் திருடி வைத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஆவுடையப்பனை அங்கே சேர்த்துவிட அவன் மகன் சிபாரிசு கேட்டு யார் யார் வீட்டு வாசலிலோ நின்றிருக்கிறான்; அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அவனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதன் பிறகு இருவரும் பேசிக்கொண்டது முழுவதும் வலியைப் பற்றித்தான் என்றாள் மெர்லின். இன்றைக்கு எந்த மூட்டு, எப்படிக் குத்துகிறது, எப்படி மறைத்தாய். அதே இலவுதான் என்றால் அதே வலிதான் என்று பொருள். ஊரெல்லாம் எடையற்றுப் போவதற்குச் சொல்கிற சொல்லை அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் அப்படிப் புழங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கும்தான் ஏறாது" என்றான் கிளிட்டஸ். "டாக்டரம்மாட்ட போய் மாட்டிப் பாத்தேன். காது செத்துப்போச்சாம். ஏங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா? அவன்ட்டப் போய்ச் சொல்லியிருக்க."

மெர்லின் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு ஏறலன்னு நீங்க எனக்குச் சொல்லவே இல்லயே" என்றாள்.

அவனுக்குக் கேட்க இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அதைக் கேட்காமல் அவனால் இருக்க முடியவில்லை.

"கடற்கரையில கையப் பிடிச்சானே. அப்ப வலிக்கலியா?"

"வலிச்சிது. வலிக்குதுன்னு சொன்னேன். விட்டுட்டாவ."

இவ்வளவு சாதாரணமாக அவள் சொன்னதுதான் அவனை உட்காரவைத்தது. ஏதோ ஒரு சைகையையோ கள்ளத்தனத்தையோ அன்று மணலில் பார்த்ததாக அவன் இத்தனை நாள் நெஞ்சுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தான். நடந்தது இவ்வளவுதான். வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னாள், ஒருவன் கையை விட்டான்.

மறுநாள் இருவருமாக டாக்டர் நஸ்ரினைப் பார்க்கப் போனார்கள். மெர்லின் ஜாக்கெட் கையைச் சுருட்டி வீங்கிய மணிக்கட்டைக் காட்டினாள். நஸ்ரின் திட்டவில்லை. மாத்திரையைப் பழைய அளவுக்கு ஏற்றிக்கொடுத்தாள், மூட்டு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று படம் எடுக்கச் சொன்னாள். வெளிக்கூடத்தில் நர்ஸ் யாரிடமோ இலவா என்று கேட்பதும், ஆமாம் என்று பதில் வருவதும் உள்ளே கேட்டன. "இவங்கள்ல எத்தனை பேர்?" என்றாள் நஸ்ரின், யாரையும் பார்க்காமல். சீனியம்மாளுக்கு நிஜமாகவே வருகிறது, அவள் அழுததைப் பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகம் இருக்காது என்றாள் மெர்லின். மற்றவர்களைப் பற்றி அவளாலும் சொல்ல முடியவில்லை.

ஊரில் அந்தச் சொல் நிற்கவில்லை. அதற்குப் பின்னும் பிள்ளைகள் அதைக் கத்திக்கொண்டு சைக்கிள் மிதித்தார்கள், கேண்டீனில் டீ குடிக்கிறவர்கள் சொன்னார்கள். தோட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகும் மெர்லின் ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்குப் போனாள். கிளிட்டஸ் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும்போல இருந்தது, ஆனால் தடுக்கவில்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததற்கு அடுத்த காலை. அவன் பழையபடி கட்டிலருகே வந்து குனிந்தான். கைகள் பழக்கத்தில் அவள் அக்குளை நோக்கிப் போயின. பாதியில் நிறுத்தினான்.

"எங்க பிடிக்கணும்?"

அவள் சற்று யோசித்து முழங்கைக்கு மேலே காட்டினாள். அவன் அங்கே கை வைத்தான்.

"வலிக்குது" என்றாள்.

கையை எடுத்தான். இந்தச் சொல்லையும் ஆவுடையப்பன்தான் தனக்கு முன்னால் கேட்டிருக்கிறான் என்ற நினைப்பு அப்போதும் அவனை ஒரு குத்துக் குத்தியது. அதை விழுங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மேலே, விரல் நுனி மட்டும் படும்படி வைத்து, "இப்ப?" என்று கேட்டான்.

"இப்பவும் வலிக்குது" என்றாள் மெர்லின், கண்ணை மூடாமல்.